அல்லா பிச்சை குறை கண்ட வீடு

சவூதியில், தமாமில் அல்லா பிச்சை பார்த்த வேலை, அடுத்தவன் கட்டடத்தில் குறை கண்டுபிடிப்பது. பராமரிப்பு சூப்பர்வைசர் என்று பேர். விரல் முட்டியால் சுவரைத் தட்டியே எங்கே பூச்சு உள்ளே விட்டுப்போயிருக்கிறது, எந்தக் குழாய் கசிகிறது என்று சொல்லிவிடுவார். தட்டித் தட்டியே இளமை போயிற்று. அந்தச் சம்பாத்தியத்தில் ஊரில் இரண்டு வீடு எழும்பின. இரண்டிலும் ஒரு செங்கல்கூட அவருக்குச் சொந்தமில்லை.

யாரும் ஏமாற்றிவிடவில்லை. பேராவூரணியைத் தாண்டிக் கடலை ஒட்டிக் கிடக்கும் அந்த ஊரில் முஸ்லிம் குடும்பங்களின் வழக்கம் அது. வீடு பெண்ணுக்கு. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீட்டை அவள் பேரில் எழுதிவைக்க வேண்டும். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கே குடிவருவான். ஆம்பளை உம்மா வீட்டில் பிறப்பான், பெண்டாட்டி வீட்டில் சாப்பிடுவான், மகள் வீட்டில் இருமுவான். அல்லா பிச்சை மூத்தவளுக்குப் புதிதாக ஒரு வீடு கட்டிக்கொடுத்தார். பெண்டாட்டி பாத்திமாவுக்கு அவள் உம்மா விட்டுப்போன ஓட்டு வீட்டை இடித்து மாடி வைத்துக் கட்டியது இரண்டாவது. அது இளையவள் ஷமாவுக்கு.

லீவில் வந்த காலத்தில் இதெல்லாம் உறைக்கவில்லை. லீவில் வருகிறவன் ராஜா. கம்பளி, அத்தர், கோடாலித் தைலம் என்று பெட்டி திறந்தால் தெருவே வந்து நிற்கும். நாற்பது நாளில் திரும்பிப் போய்விடுவான் என்பதால் நாற்பது நாளும் விருந்து. தொண்ணூற்றேழில் விசாவை ரத்து செய்துகொண்டு ஒரேயடியாக வந்து இறங்கினபோதுதான், திரும்பிப் போகாதவனுக்கு விருந்து இல்லை என்பது தெரிந்தது.

அடுத்த வருஷம் ஷமாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஃபாஜில் வந்து சேர்ந்தான். மாடி அறை அவர்களுக்கு. முன் அறையில் ஃபாஜிலைப் பார்க்க வருகிற சிநேகிதர்கள். மீன் தலை ஃபாஜிலுக்கு. அல்லா பிச்சையின் கட்டில், அரிசி மூட்டைகள் இருக்கும் பின் அறைக்குப் போயிற்று. அவரும் ஒரு காலத்தில் மாமனார் ஒருவரைப் பின் அறைக்குத் தள்ளியவர்தான்.

ஒரு மத்தியானம் முன் அறை வழியாகப் போனபோது, நாற்காலியில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த ஃபாஜில் மரியாதையாக எழுந்தான்.

"வாங்க மாமா. நின்னுக்கிட்டே இருக்கீங்களே. உட்காருங்க."

பையன் நல்ல பையன். மனசில் ஒன்றும் இல்லாமல்தான் சொன்னான். ஆனால் அந்த நாற்காலி, அதன் கீழே இருந்த மொசைக் தரை, மேலே சுற்றிய காற்றாடி எல்லாம் தன் வியர்வை என்று தெரிந்த மனிதருக்கு, அங்கே உட்காரச் சொல்லி இன்னொருத்தன் அனுமதி கொடுத்தது நெஞ்சில் சொருகிக்கொண்டது. அன்றைக்கே முடிவு செய்தார். தன் பேரில் ஒரு வீடு. யாரும் தன்னை உட்காரச் சொல்லாத ஒரு வீடு.

புது வீடு கட்ட மனை வாங்கினால் மகள்கள் இருவரும் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். பழைய வீடாகப் பார்க்கத் தரகர் பஞ்சநதத்தைப் பிடித்தார். பஞ்சநதம் பேராவூரணிக்காரர். முன்பு தேங்காய்த் தரகு. தேங்காய் நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டுதான் வரும், சவூதிக்காரர்கள் வருஷம் முழுக்க வருகிறார்கள் என்று கண்டுகொண்டு மனைத் தரகுக்கு மாறியவர். தேங்காயை ஆட்டிப் பார்ப்பதுபோல ஆளையும் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துவிடுவார்.

"பாய், அடுத்த தெருவுல ஹாஃபிஸாம்மா வீடு வருது. பையனுவ ரெண்டு பேரும் கம்ப்யூட்டர். ரெண்டாயிரம் வருஷம் பொறந்தா கம்ப்யூட்டருக்கெல்லாம் பைத்தியம் புடிக்குமாம். அதுக்கு வைத்தியம் பார்க்க அமெரிக்காவுக்குக் கூப்புடுறானாம். அம்மா அவனுவளோட மெட்ராஸ் போயிட்டாங்க. வீடு பூட்டிக் கெடக்கு."

மறுநாள் காலை அல்லா பிச்சை டார்ச் லைட், ரசமட்டம், சின்னச் சுத்தியல் மூன்றையும் எடுத்துக்கொண்டு போனார். பூட்டைத் திறந்ததும் வவ்வால் நாற்றம் முகத்தில் அடித்தது. அவர் சுவரைத் தட்ட ஆரம்பித்தார். கூடம், முற்றம், சாமான் அறை, சமையல்கட்டு. காதை வைத்துக் கேட்டார். உத்திரத்தின் நுனியைச் சுத்தியலால் குத்தினார். கிணற்றுக்குள் டார்ச் அடித்தார். கதவு நிலையில் ரசமட்டத்தை வைத்துக் கண்ணைச் சுருக்கினார்.

பஞ்சநதம் முற்றத்தில் குந்தி பீடி பற்றவைத்தார். "பாய், நீங்க வீடு பார்க்கறீங்களா, சர்டிபிகேட் குடுக்கப் போறீங்களா? பொண்ணு பார்க்கப் போனப்பக்கூட இவ்வளவு பார்த்திருக்க மாட்டீங்க."

"பார்த்திருக்கணும்ல" என்றார் அல்லா பிச்சை.

மேற்குச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தது. ஒரு உத்திரத்தின் நுனியில் கரையான். மற்றபடி வீடு இரும்பு. பர்மா தேக்கு, ஒரு முழ அகலத்தில் சுண்ணாம்புச் சுவர். எங்கே தட்டினாலும் ஒரே சத்தம், கெட்டியாக. தமாமில் இத்தனை வருஷம் தட்டியதில் இப்படி ஒரு சத்தத்தை அவர் கேட்டதில்லை. அதே இடத்தை இன்னொரு தடவை தட்டினார். ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டாமல் காறித் துப்பினார்.

"இதெல்லாம் ஒரு வீடுன்னு கூட்டிட்டு வந்தீரே!"

இங்கேதான் அவர் தன் வித்தையைக் காட்ட ஆரம்பித்தார். தமாமில் காண்ட்ராக்டர்களிடம் கற்ற பாடம்: ஒரு பொருள் வேண்டுமென்றால் முதலில் அதன் மானத்தை வாங்கு, பிறகு அதை வாங்கு. தரகரிடம் மட்டும் திட்டினால் போதாது. ஊர் திட்ட வேண்டும். அன்று மாலையே குளக்கரை டீக்கடையில் தொடங்கினார்.

முதல் நாள், மேல்தளம் தொங்குகிறது என்றார். இரண்டாம் நாள் அது எந்த நேரமும் விழும் என்றாயிற்று. கிணற்றுத் தண்ணீர் உப்பு என்றார். உத்திரம் முழுக்கக் கரையான், தட்டினால் மாவாகக் கொட்டுகிறது என்றார். கூடத்தில் பாம்புச் சட்டை கிடந்தது என்றார். கேட்கிறவர்கள் வாயைப் பிளப்பதைப் பார்த்ததும் அவருக்கே ருசி தட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்த கூட்டத்தில், குரலை இறக்கி, "அந்தச் சாமான் அறையில ஏதோ இருக்கு, நான் சொல்லலை" என்றார். திங்கட்கிழமைக்குள் அது ஜின் ஆகி, பேரும் வைக்கப்பட்டுவிட்டது.

வேலை செய்தது. அந்த வீட்டை நல்ல விலைக்குக் கேட்டிருந்த சிங்கப்பூர்க்காரர் ஒருவர் பின்வாங்கினார். தெருப் பிள்ளைகள் அந்தி மக்ரிப் தொழுகைக்குப் பிறகு அந்த வாசலை ஓடாமல் கடப்பதில்லை. எஸ்.டி.டி. பூத்திலிருந்து பஞ்சநதம் மெட்ராஸுக்குப் போன் போடும்போதெல்லாம் விலை ஒரு படி இறங்கியது. அல்லா பிச்சைக்கு இருப்புக் கொள்ளவில்லை. தஞ்சாவூர் போய், கறுப்பு கிரானைட்டில் 'அல்லா பிச்சை இல்லம்' என்று வெட்டச் சொல்லி, சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்தார்.

அரிசி மூட்டை இருக்கும் அறையில் எதையும் ஒளித்துவைக்க முடியாது என்பது வீட்டில் வாழ்ந்தவனுக்குத் தெரியும். அவர் லீவில் வந்தவர்.

அன்று மத்தியானம் அவர் படுத்திருந்தார். முறத்தோடு அரிசி எடுக்க வந்த பாத்திமா கல்லைக் கண்டாள். சாக்கை விலக்கினாள். எழுத்தை இரண்டு தடவை படித்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"யாரு அவ?"

"எவ?"

"இந்த இல்லத்துக்கு வரப்போறவ."

அல்லா பிச்சை எழுந்து உட்கார்ந்தார். "நீதான் புள்ள. நாம ரெண்டு பேரும் போயி…"

"எனக்கு வீடு இருக்கு. என் உம்மா வீட்டை விட்டுட்டு நான் எதுக்கு இன்னொரு வீட்டுக்கு வரணும்? நம்ம ஊர்ல ஆம்பளை தன் பேர்ல வீடு வாங்கி நான் பார்த்தது ஒருத்தன்தான். அந்த மளிகைக்கடைக்காரன். அவன் எதுக்கு வாங்கினான்னு ஊருக்கே தெரியும். கொழும்புலேர்ந்து ஒருத்தி வந்தா, கைக்குழந்தையோட."

"அல்லா மேல ஆணையா அப்படி ஒண்ணும் இல்ல."

"இருங்க. எந்த வீடு?"

சொன்னார். பாத்திமா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். அவள் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு நின்றவள். ஆனால் கணவன் பேச்சை வருஷக்கணக்கில் கடிதத்திலும் கேசட்டிலும் கேட்டுப் பழகியதால், சொன்னதைவிடச் சொல்லாததைக் கேட்கத் தெரிந்தவள்.

"தளம் விழுதுன்னீங்க. பாம்புன்னீங்க. கிணறு உப்புன்னீங்க. ஜின் இருக்குன்னு பள்ளிவாசல்ல நின்னு சொன்னீங்க. பைத்தியக்காரன்கூட அந்த வீட்டை வாங்க மாட்டான். நீங்க வாங்குறீங்க. அப்படின்னா என்ன? ஊர்க்காரன் ஒருத்தன் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது. அதுக்குத்தானே ஜின்னு?"

"அதெல்லாம் விலை குறைக்கறதுக்குச் சொன்னது!"

"பொய்யின்னு சொல்றீங்க."

"ஆமா, பொய்தான்!"

"அப்ப இதும் பொய்யா இருக்கலாம்."

குறை கண்டுபிடிக்கிற தொழிலில் தனக்கு மேலே ஒருத்தி வீட்டிலேயே இருந்தது அவருக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் அவரையே தட்டிப் பார்த்தாள். எங்கே தட்டினாலும் உள்ளே விட்டுப்போன பொள்ளல் சத்தம்தான் வந்தது.

இரண்டு நாளில் ஊர் முழுக்கப் பரவிற்று. கொழும்பு என்றார்கள், இல்லை, ஹைதராபாத் என்றார்கள், தமாமில் கூட வேலை பார்த்த மலையாள நர்ஸ் என்று ஒரு கட்சி. டீக்கடையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார்கள், கொஞ்சம் பொறாமையோடு. ஃபாஜில் மட்டும் பின் அறைக்கே வந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னான்.

"மாமா, தப்பு எல்லாரும் பண்றதுதான். மாமிகிட்ட நான் பேசிப் பார்க்கறேன். அவங்க பேரு மட்டும் சொல்லுங்க."

பாத்திமா அழவில்லை, கத்தவில்லை. குழம்பில் மீன் போடுவதை மட்டும் நிறுத்தினாள். மூன்றாம் நாள் தட்டை வைத்துவிட்டுச் சொன்னாள். "ஒப்பந்தம் எழுதற அன்னிக்கு நானும் வரேன். வீட்டைப் பார்க்கறேன். நீங்க சொன்னது அத்தனையும் அங்க இருந்துச்சுன்னா, அது விலைக்காகச் சொன்னது இல்ல. நேரே ஜமாத்துக்குப் போயி பிராது குடுக்கறேன்."

மெட்ராஸிலிருந்து ஹாஃபிஸா வந்து இறங்கினாள். பாத்திமாவோடு சேர்ந்து குர்ஆன் ஓதப் போனவள். இப்போது மூக்குக்கண்ணாடி, கைப்பை, அமெரிக்கா போகப்போகிற பிள்ளைகள். கூடத்தைப் பெருக்கச் சொல்லி, ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்திருந்தாள். பஞ்சநதம் முத்திரைத்தாளைத் தொடைமேல் விரித்துப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். பாத்திமா உள்ளே வந்து, சலாம் சொல்லி, எதிரே இருந்த பெட்டிமேல் உட்கார்ந்தாள். அல்லா பிச்சை நின்றார். எங்கே உட்காருவது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஹாஃபிஸா ஊஞ்சலை மெல்ல ஒரு உந்து உந்தி, அண்ணன் முறை வைத்துக் கூப்பிட்டாள்.

"காக்கா, என் உம்மா வீட்டைப் பத்தி ஊர்ல என்னென்னமோ சொல்லியிருக்கீங்களாம். மெட்ராஸ் வரைக்கும் வந்துச்சு. என் மூஞ்சிக்கு நேரா ஒருக்கா சொல்லிடுங்க. கேட்டுட்டுக் கையெழுத்துப் போடறேன்."

"சொல்லுங்க" என்றாள் பாத்திமா. "நானும் கேட்கறேன்."

அல்லா பிச்சை மனசுக்குள் இரண்டு பக்கமும் தட்டிப் பார்த்தார். வீடு மோசம் என்றால் விலை நிற்கும், பெண்டாட்டி ஜமாத்துக்குப் போவாள். வீடு நல்லது என்றால் பெண்டாட்டி நிற்பாள், விலை போய்விடும். இப்படி ஒரு சுவரை அவர் தமாமில் பார்த்ததில்லை.

"வீடு… சுமார்தான்" என்றார்.

இரண்டு பெண்களும் அவரையே பார்த்தார்கள். பஞ்சநதம் மேல்தளத்தைப் பார்த்தார்.

"இந்தத் தளம் விழுமா, விழாதா?" பாத்திமா விரலை நீட்டினாள். "விழும்னா நான் இப்பவே எழுந்திருச்சுப் போறேன்."

"விழாது."

"எப்படித் தெரியும்?"

"தேக்கு. பர்மா தேக்கு. நம்ம பேரப்புள்ளைங்க காலத்துக்கும் விழாது."

ஊஞ்சல் நின்றது. ஹாஃபிஸா கையைத் தூக்கினாள். "பஞ்சநதம், அந்தப் பேனாவைக் கொஞ்சம் மூடி வைங்க."

"பாம்பு?" என்றாள் பாத்திமா.

"பாம்பு இல்ல. கூடத்துல கெடந்தது பழைய நாடா."

"கிணறு?"

"தேனு மாதிரி தண்ணி."

"ஜின்னு?"

"வவ்வால் புள்ள, வெறும் வவ்வால்."

சொல்ல ஆரம்பித்தபின் அவரால் நிறுத்த முடியவில்லை. இத்தனை நாள் அடக்கிவைத்தது பீறிட்டது. சுவர் அருகே போய்த் தட்டினார். "இந்தச் சத்தத்தைக் கேளு. இங்க கேளு, அங்க கேளு. எங்கேயாவது பொள்ளல் இருக்கா? சவூதியில ஷேக்கு கட்டின மாளிகையில இந்தச் சுவர் கிடையாது. நெலையைப் பாரு, ஒரு நூல் சாயலை. இப்படி ஒரு வீட்டை எவன் கட்டுவான் இனிமே? நான் பொய் சொன்னேன், அவ்வளவுதான். எனக்கு இந்த வீடு வேணும்." கடைசி வார்த்தையில் குரல் உடைந்து, சின்னப் பையன் மிட்டாய் கேட்பதுபோல ஆகிவிட்டது.

பஞ்சநதம் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். "என் சர்வீஸ்ல, பாய், வாங்குறவரே விலை ஏத்தி நான் பார்த்ததில்ல."

ஹாஃபிஸா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அவள் கண் கலங்கியிருந்ததாகத்தான் அல்லா பிச்சை நினைத்தார். அவள் சிங்கப்பூர்க்காரர் சொன்ன விலையைச் சொன்னாள். அதற்கு மேலே கொஞ்சம் சேர்த்தும் சொன்னாள், உம்மா வீட்டின் மானத்துக்கு. அல்லா பிச்சை தலையாட்டினார்.

"நல்ல வீடுங்கிறீங்க. நம்பறேன்" என்றாள் பாத்திமா. "வேற எவளும் இல்லைங்கிறீங்க. அதையும் நம்பணும்னா ஒரு வழிதான் இருக்கு. என் பேர்ல எழுதுங்க."

"பாத்திமா…"

"ஏன்? எவளும் இல்லேல்ல?"

ஹாஃபிஸாவும் தலையசைத்தாள். "எனக்கும் அதான் காக்கா மனசுக்கு ஆறுதல். உம்மா வீட்டை ஆம்பளை கையில குடுத்துட்டேன்னு நாளைக்கு ஒருத்தர் சொல்லக்கூடாது பாருங்க."

பஞ்சநதம் பேனாவை மறுபடி எடுத்து, வெட்கமே இல்லாமல், "பாத்திமாம்மா வாப்பா பேரு என்னங்க?" என்று கேட்டார்.

எழுதிக்கொண்டிருக்கும்போதே பாத்திமா, ஷமா மாசமாக இருக்கும் விஷயத்தை ஹாஃபிஸாவிடம் சொன்னாள். பெண்ணாகப் பிறந்தால் இந்த வீடு அதற்கு என்றும் சொன்னாள்.

"ஆம்பளைப் புள்ளையாப் பொறந்தா?" என்றார் அல்லா பிச்சை. கேட்டபோது அவர் குரலில் கொஞ்சம் ஆசை இருந்தது.

"அவன் பெண்டாட்டி வீட்டுக்குப் போவான்."

கையெழுத்தெல்லாம் முடிந்து வாசலுக்கு வந்தபோது ஹாஃபிஸா திரும்பினாள். "காக்கா, சுவரெல்லாம் தட்டிப் பார்த்தீங்க. தரையைத் தட்டலையே. சமையல்கட்டுக்குப் பின்னால அந்தக் காலத்துல வயலுக்குப் பாயுற கன்னி வாய்க்கால் ஒண்ணு ஓடுச்சு. அதைத் தூர்த்துட்டுத்தான் கட்டினாங்க. ஐப்பசியில அது வந்துட்டுப் போகும். நாங்க ஒண்ணும் சொல்றதில்ல."

அந்த ஐப்பசியில் அது வந்தது. பாத்திமா அந்த வீட்டுக்குக் குடிபோகவில்லை. பள்ளிக்கூட டீச்சர் சாவித்திரிக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். மழை பிடித்த மூன்றாம் நாள் டீச்சர் வீட்டிலிருந்து ஆள் வந்தது. சமையல்கட்டின் பின்வாசலில் தரை ஊறித் தண்ணீர் எழும்புகிறது. பாத்திமா பின் அறையை எட்டிப் பார்த்தாள்.

"போயிப் பாருங்க. உங்களுக்குத்தான் தெரியுமே."

மீன் குழம்பு திரும்பி வந்திருந்ததால் அவர் உடனே எழுந்து சாமானை எடுத்தார். ரசமட்டம், பூச்சுக் கரண்டி, அரை மூட்டை சிமெண்ட். ஊறுகிற இடத்தைத் தோண்டி ஜல்லி இறுக்கி, மேலே கனமாக ஒரு கல்லைப் பாவினால்தான் நிற்கும் என்று அவருக்கே தெரிந்தது. கட்டிலுக்கு அடியிலிருந்து கிரானைட்டை இழுத்து, சைக்கிள் கேரியரில் கட்டித் தள்ளிக்கொண்டு போனார்.

கதவைத் திறந்த சாவித்திரி டீச்சருக்கு அவரைத் தெரியாது.

"வீட்டுக்காரம்மா அனுப்பிச்ச ஆளுங்களா? வாங்க. மழையில நனைஞ்சுட்டீங்களே. உட்காருங்க, டீ போடறேன்."

"வேணாம்மா. வேலை இருக்கு" என்றார் அல்லா பிச்சை.

எழுத்து இருந்த பக்கத்தைக் கீழே போட்டு, கலவையில் அமுக்கி, நாலு மூலையும் தட்டி உட்காரவைத்தார். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தார். குமிழி நட்டநடுவில் நின்றது. மறுநாள் சாவித்திரி டீச்சர் அதில் உட்கார்ந்து மத்தி மீன் ஆய்ந்தார். நல்ல வழுவழுப்பான கல், செதில் ஒட்டவில்லை என்று வாடகை கொடுக்க வந்தபோது பாத்திமாவிடம் சொன்னார்.